கேம்ப்பும் ஊரும்

சேலம் மாவட்டம் கெங்கவல்லிப் பக்கத்தில் பச்சைமலையும் அதற்கு மேற்கே கொல்லிமலையும் நிற்கின்றன. இந்த மலைகளில் வாழும் மலையாளி மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பிகள் வெவ்வேறு மலைகளில் குடியேறிய கதையைச் சொல்கிறார்கள். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய தொகுப்பில் இந்த வழக்கு பதிவாகியிருக்கிறது. அது வரலாறா, வாய்வழக்கா என்பது இங்கே முக்கியமில்லை. வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே ஒரு மண்ணைத் தன் மண் என்று கொண்டாட முடிந்திருக்கிறது. வந்த தேதியை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அதே கெங்கவல்லி வட்டத்தில், தம்மம்பட்டியை அடுத்த நாகியம்பட்டியில், இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. ஊர் வழக்கில் ‘கேம்ப்’. இங்கே குடியிருப்பவர்களுக்கு வந்த தேதிதான் எல்லாமே.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள், 1990இல் போர் மறுபடி மூண்டபோது மன்னார்க் கரையிலிருந்து படகேறியவர்கள், 1996இல் வந்தவர்கள், 2006க்குப் பின் வந்தவர்கள் எனப் பல அலைகளாக மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழகக் கரை சேர்ந்தார்கள். பெரும்பகுதியினர் திரும்பிப் போனார்கள், அல்லது வேறு நாடுகளுக்குப் போனார்கள். மண்டபம் முகாமில் பதிவு முடிந்ததும் குடும்பங்களை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். கடலையே பார்த்து வளர்ந்தவர்கள் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் பாக்குத் தோப்புக்கும் நடுவில் வந்து இறங்கியது அப்படித்தான். எல்லாரும் கடலோரத்துக்காரர்கள் அல்லர். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், அங்கிருந்தும் ஓடிவந்த இந்திய வம்சாவளியினரும் முகாம்களில் கணிசம். அவர்களுடைய சொந்தக்காரர்களே 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தபோது குடியுரிமை கிடைத்தது. நீலகிரியில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலையும் கிடைத்தது. ஒப்பந்தத்தில் வந்த அண்ணன் இந்தியர், படகில் வந்த தம்பி அகதி.

இவர்களைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே வந்திருக்கிறது: திரும்பிப் போவார்களா, குடியுரிமை தருவார்களா? வி. சூரியநாராயணும் வி. சுதர்சனும் 2000இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இத்துறைக்கு அடித்தளம். சூரியநாராயண் பிறகும் விடாமல் குடியுரிமைக்காக வாதாடினார். 1984இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமோ, ஒருநாள் ஊர் திரும்பப்போகிறவர்களுக்குக் கல்வியையும் தொழிலையும் கொடுத்து அனுப்புவதையே நெடுங்காலம் இலக்காக வைத்திருந்தது. இரண்டும் நியாயமான நிலைப்பாடுகள். ஆனால் இரண்டுமே டில்லியையும் கொழும்பையும் நோக்கிப் பேசுகின்றன. பக்கத்துத் தெரு பார்வையில் படுவதில்லை.

அந்தக் குறையைத் தீர்த்த நூல் ஆய்வாளர் எழுதியதல்ல. 1990இல் பதின்ம வயதில் படகேறி வந்த தொ. பத்திநாதனின் ‘போரின் மறுபக்கம்’ 2007இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. கியூ பிராஞ்ச் போலீஸ் விசாரணை, மாதக் கணக்கெடுப்பு, முகாமுக்குள்ளேயே நடக்கும் சிறுமைகள் என எதையும் மழுப்பாமல் எழுதியிருக்கிறார். அகதியைப் பரிதாபத்துக்குரியவராக மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு அது உவப்பாக இராது. என் கணக்கில் இத்துறையில் தமிழில் முதலில் படிக்க வேண்டிய நூல் அதுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க வெளியுலகிலிருந்தும் ஒன்றை எடுக்கலாம். புருண்டியிலிருந்து தான்சானியாவுக்கு ஓடிய ஹூட்டு மக்களை ஆராய்ந்த லீசா மால்க்கி 1995இல் எழுதிய நூலில், முகாமில் இருந்தவர்கள் இழந்த நாட்டின் கதையையே இறுகப் பற்றினார்கள், நகரத்தில் கலந்தவர்கள் அந்த அடையாளத்தைத் தளர்த்திக்கொண்டார்கள் என்று காட்டினார். தமிழ்நாட்டில் இந்தப் பிரிவினை பொருந்தாது. இங்கே இருப்பது முகாமில், பிழைப்பது ஊரில். முகாம் ஆண்களில் பலர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் படிப்பது ஊர்ப் பள்ளியில். மொழியும் கோயிலும் தேவாலயமும் பெரும்பாலும் பொது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் இதே ஊர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் உண்மை. 1992இல் தொடங்கிய திருப்பியனுப்புதல் மனமுவந்த பயணம்தானா என்று பெரும் சர்ச்சை எழுந்தது. ஊர் சேர்த்துக்கொள்வதும் ஒதுக்குவதும் சென்னையிலும் டில்லியிலும் அடிக்கும் காற்றைப் பொறுத்தே மாறியிருக்கின்றன.

சட்டம் ஊரைவிட இறுக்கமானது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவரைச் சட்டம் அப்படித்தான் வகைப்படுத்துகிறது. முகாம் இளைஞர் ஒருவர் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டியிருந்தால், 2003இல் பிறந்த மூத்த பிள்ளை இந்தியர், 2005இல் பிறந்த இளையவர் இந்தியர் அல்லர். சம்பந்தம் பேசிச் சேர்த்துக்கொண்ட ஊர் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் 2022இல் தன் உரிமையை நிலைநாட்டினார். 2024 தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்தவர்களுக்கு ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025இல் விலக்குக் கிடைத்தது. அது ஆறுதல்தான், உரிமை அல்ல.

மாநில அரசு 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் அடங்கும். குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. முகாம்களின் பெயரிலிருந்து ‘அகதிகள்’ போய் ‘மறுவாழ்வு’ வந்தது. கான்கிரீட் வீடு சாதாரண விஷயமல்ல. ஒழுகும் கூரைக்குக் கீழே முப்பது வருடம் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் தன் பெயரில் பட்டா இல்லாத வீடு எவ்வளவு தூரம் சொந்த வீடு என்பது இனி வரும் ஆய்வுகள் கேட்க வேண்டிய கேள்வி.

கெங்கவல்லி தனித் தொகுதி. மக்களவைக்குக் கள்ளக்குறிச்சியோடு சேர்ந்தது. தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுக் கேட்டு வரும் வண்டிகள் நாகியம்பட்டி வழியாகவும் போகின்றன; குடியுரிமை இல்லாத கேம்ப்காரர்களிடம் கேட்க ஓட்டில்லை. ஆய்வாளர்களும் அப்படித்தான்: கும்மிடிப்பூண்டி, மண்டபம், கொட்டப்பட்டு போன்ற பெரிய முகாம்களைத் தேடிப்போகும் ஆய்வுகள், இப்படி வட்டத்துக்குள் ஒதுங்கிய சிறு முகாம்களுக்கு அவ்வளவாக வருவதில்லை. பெரியார் பல்கலைக்கழகத்திலோ ஆத்தூர்ப் பக்கத்துக் கல்லூரிகளிலோ ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள் மண்டபம் வரை போக வேண்டியதில்லை. ஒரு பஸ் பயணம் போதும். முகாம்காரர்களிடம் மட்டுமல்ல, அவர்களுக்கு வேலை கொடுத்த மேஸ்திரி, கடன் கொடுத்த மளிகைக்கடைக்காரர், பாடம் நடத்திய ஆசிரியர் எல்லாரிடமும் கேட்டு எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். 1990இல் முப்பது வயதில் வந்தவருக்கு இன்று அறுபத்தைந்து தாண்டிவிட்டது.