ஞாயிற்றுக்கிழமை மலையும் திங்கட்கிழமை மலையும்
தலைப்பிரசவத்துக்கு முந்தைய நாட்களை வாசித்தல்

1

'முதல் குழந்தை பிறக்கிறதுக்கு முன்னாடி நாங்க எப்படி இருந்தோம் தெரியுமா' என்கிற தொனியில் எழுதப்படும் எழுத்து ஒன்று உண்டு. ஜனரஞ்சக இதழ்களின் நகைச்சுவைப் பக்கங்களில் வளர்ந்து இன்று எங்கும் பரவிக் கிடக்கிறது. அதன் சரக்கு மூன்றுதான். ஒன்று, ஆபீஸ் சொதப்பல்: அதிகாரி மேசைக்குப் போன ஃபைலுக்குள் வீட்டு மளிகைச் சீட்டு இருந்த கதை. இரண்டு, சனி ஞாயிறு பயணம்: 'பிள்ளை வந்துட்டா நகர முடியாது, இப்பவே போயிட்டு வந்துருவோம்' என்று சுருளிக்கோ மேகமலைக்கோ வைகை அணைக்கோ போய்வந்த கதை. மூன்று, காத்திருப்பு: மசக்கை, மாங்காய், தொட்டிலுக்கு இடம் பார்த்தது. இலக்கியவாதிகள் இதைத் தொடமாட்டார்கள், 'அது இலக்கியமா?' என்பார்கள். இயக்கத்தவர்களும் தொடமாட்டார்கள், 'அதுல என்ன தோழர் அரசியல் இருக்கு?' என்பார்கள். இரு தரப்பும் ஒதுக்கிய இடத்தில் 'அன்றாடம்' எந்தக் கேள்விக்கும் ஆட்படாமல் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த எழுத்தைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. அதிலுள்ள சந்தோஷம் பொய் என்றும் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷம் எதன்மீது கால் ஊன்றி நிற்கிறது என்பதே கேள்வி. அன்றாட வாழ்வைக் கோட்பாட்டின் பொருளாக்கிய ஆன்றி லெஃபெவ்ர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ஓய்வு, வேலைக்கு வெளியே சுதந்திரமாக இருக்கும் ஒரு தீவு அல்ல, வேலையின் ஒழுங்கே அதை உற்பத்தி செய்கிறது. இதைக் கம்பம் பள்ளத்தாக்கில் வைத்துப் பார்த்தால் இன்னொரு படி மேலே போக வேண்டியிருக்கிறது. இங்கே ஒருத்தரின் ஓய்வு அவருடைய சொந்த வேலையால் மட்டுமல்ல, இன்னொருத்தரின் வேலையாலும் உற்பத்தியாகிறது. இருவரும் போய்ச் சேருவது ஒரே மலைக்கு.

2

எங்கள் பக்கத்தில் ஒரு விதி உண்டு. மாசமாக இருப்பவள் மலையேறக் கூடாது. அவள் புருஷனுக்கும் கட்டுப்பாடு: மலையேறக் கூடாது, கடலில் குளிக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது. பெரிய மனுசிகள் இதைக் கறாராகச் சொல்வார்கள். பயணம் போகும் இளம் தம்பதிகள் இதை 'மூடநம்பிக்கை' என்று தாண்டிப் போவதாக மேற்படி எழுத்துகளில் ஒரு காட்சி தவறாமல் வரும். அத்தையை ஏமாற்றிவிட்டுக் காரில் ஏறுவது அதில் ஒரு நகைச்சுவை.

ஆனால் இந்த விதியை நாள் தவறாமல் மீறுகிறவர்கள் வேறு ஆட்கள். விடியுமுன்னே கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் கிளம்புகின்றன. குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலக்காடுகளுக்கு அவை பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன, சாயங்காலம் இறக்கிவிடுகின்றன. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரடியில், மண்ணையொட்டிப் படரும் சரத்தில் காய்க்கிறது. காய் எடுப்பவள் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். ஈரம், அட்டை, மருந்தடித்த வாடை. வயிற்றுப் பிள்ளையோடு எத்தனை மாதம் வரை போவாள்? 'முடியிற வரைக்கும் போவேன்' என்பதுதான் நான் கேட்ட எல்லாப் பதில்களின் சாரம். மலையேறக் கூடாது என்ற விதி அவள் விஷயத்தில் எங்கே போனது? 'வயித்துப்பாட்டுக்குப் போறவளுக்கு ஏதுப்பா சாஸ்திரம்' என்றார் ஓர் அம்மா. அப்படியானால் அது கருவைக் காக்கும் விதியல்ல. வீட்டில் இருக்க வசதியுள்ள உடலை அடையாளம் காட்டும் விதி. சாஸ்திரத்துக்கும் வர்க்கம் உண்டு, சாதியும் உண்டு.

சொதப்பலுக்கும் அதுவே. ஆபீசில் தப்பு நடந்தால் அது கதையாகிறது. சொல்லிச் சிரிக்க நாலு பேர் இருக்கிறார்கள், மாதச் சம்பளம் அப்படியே வருகிறது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஏழு மாதக் கர்ப்பிணியான சக ஊழியர் கூட்டலில் ஒரு சைபரை விட்டுவிட்டார். 'பிள்ளைத்தாச்சி கணக்கு' என்று அதற்குப் பேர் வைத்து வருஷக்கணக்கில் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காமல் வேறென்ன செய்ய? அந்தச் சிரிப்புக்குள்ளும் நுண்ணளவில் அதிகாரம் இயங்குகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் அவருடைய வேலை போகவில்லை. மலை வளைவில் ஆள் திணித்த ஜீப் சறுக்கினால் அது நகைச்சுவைத் துணுக்கு ஆகாது. செய்தித்தாளில் நாலு வரி, நாலு நாள் வண்டிச் சோதனை, ஐந்தாம் நாள் பழைய கதை. யாருடைய தவறு 'வேடிக்கை'யாகவும் யாருடையது 'விபத்தா'கவும் பெயர் பெறுகிறது என்பதில்தான் அன்றாடத்தின் அரசியல் இருக்கிறது.

3

காத்திருப்புக்கு வருவோம். தமிழ்நாடு அரசு ஊழியரான பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் பன்னிரண்டு மாதமாகவும் உயர்த்தப்பட்டது. இது போராடிப் பெற்ற நியாயம், குறைத்துப் பேச ஏதுமில்லை. தனியார் துறைக்கும் தோட்டங்களுக்கும் 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் இருந்தது. 2017 திருத்தம் 12 வாரத்தை முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரமாக்கியது. 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே எடுத்துக்கொண்டது. கூடவே ஒரு நிபந்தனை: பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அந்த முதலாளியிடம் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும்.

ஜீப்பில் போகும் பெண் 80 நாளைப்போல இரண்டு மடங்கு வேலை செய்திருப்பாள். ஆனால் இந்த வாரம் ஒரு காடு, அடுத்த வாரம் இன்னொரு காடு. கூட்டிப் போகிறவர் ஒருத்தர், கூலி கொடுக்கிறவர் ஒருத்தர், தோட்டம் வேறொருத்தருடையது. வேலை ஒரு மாநிலத்தில், ரேசன் கார்டும் பிரசவ ஆஸ்பத்திரியும் இன்னொரு மாநிலத்தில். அவள் உழைத்த நாள் அவள் இடுப்பு வலியில் பதிவாகியிருக்கிறது. எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. சட்டம் அவளை விலக்கவில்லை என்பது உண்மை. அவளைச் சட்டத்தால் வாசிக்க முடியவில்லை என்பதும் உண்மை.

மிச்சமிருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 2018 முதல் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய். அதன் அருமை வாங்குகிறவளுக்குத்தான் தெரியும். ஆனால் அது அரசு தரும் உதவி. அவள் உழைப்பில் லாபம் பார்த்தவர் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

நமது மரபில் ஒரு 'பேறுகால விடுப்பு' ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்கலாம். வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது. உண்மையிலேயே அது ஓய்வுதான். பல பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்த ஒரே ஓய்வும் அதுதான். ஆனால் செலவு யாருடையது? வளையல், ஐந்துவகைச் சோறு, ஆஸ்பத்திரி, பிள்ளைக்குக் காப்பு கொலுசு எல்லாம் பெண்ணைப் பெற்றவர் தலையில். புருஷன் வீடும் முதலாளியும் ஒரே நேரத்தில் கைகழுவிக்கொள்ளும் ஏற்பாடு இது. பெண்பிள்ளை என்றால் செலவு என்கிற கணக்கு இங்கிருந்தும்தான் ஊறுகிறது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஒரு வீட்டில் தொட்டிலுக்கு இடம் பார்க்கிறார்கள். அதே மாவட்டத்தில், பிறந்த பெண்ணைக் கொல்லாமல் போட்டுவிட்டுப் போக அரசாங்கம் தொட்டில் வைக்க வேண்டியிருந்தது. 'முதல் குழந்தைக்கான காத்திருப்பு' என்ற ஒற்றைத் தலைப்பில் இரண்டையும் அடக்க முடியாது.

4

இனி, பயணம் போகும் அந்த இடங்கள். வைகை அணைப் பூங்காவில் பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிறவர்களின் கண்ணில் 1959இல் திறந்த அணையும் தண்ணீரும்தான் படும். தண்ணீருக்குள் போன ஊர்கள் படா. வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' அந்த மூழ்கலைத்தான் நாவலாக்கியது. போடிக்கு மேலே குரங்கணியும் அப்படித்தான். மூணாறுத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் இறக்கிய சரிவு அது. இன்று 'காட்சிமுனை' என்று நாம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடத்தின் பெயரே சுமை ஏற்றிய நிலையத்தின் பெயர்.

இந்த மலைத்தொடரில் மக்கள் நடந்த நடைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தின்போது இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பெண்டுபிள்ளைகளோடு காட்டுவழியே இறங்கித் தேனிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அதற்கு யாரும் 'டிரெக்கிங்' என்று பெயர் வைக்கவில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் இளம்பெண்கள். வார இறுதிக்கு வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்களில் மலையடிவார ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது, அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகளும் வந்தன.

அன்றைக்கு டீக்கடைகளில் கேட்ட பேச்சு இது: 'பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்குண்ணே மலையேத்தம்?' இந்தக் கேள்வியைத்தான் முதலில் எதிர்க்க வேண்டும். வாரம் முழுக்க ஆபீசில் அடைபட்ட ஒரு பெண், யார் மனைவியாகவும் யார் தாயாகவும் அல்லாமல் தன் காலால் ஒரு மலையை ஏறுவது அவளுடைய உரிமை. ஏலக்காட்டுக்குப் பெண் மலையேறும்போது எழாத கேள்வி, உல்லாசத்துக்கு ஏறும்போது மட்டும் எழுகிறதென்றால் பிரச்சனை மலை அல்ல. பெண் கூலிக்காக ஏறலாம், குடும்பத்துக்காக ஏறலாம், தனக்காக மட்டும் ஏறக் கூடாது.

அதே 2018 ஆகஸ்டில் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்தது. ஏல மூட்டை சுமக்கிற ரங்கசாமி கொஞ்சம் நிலம் வாங்க ஆசைப்படுகிறான்; கடைசியில் தன் நிலத்தில் முளைத்த காற்றாலைக்கே காவலாளி ஆகிறான். மலையைக் காட்சியாகப் பார்த்துப் பழகிய கண்ணை உழைப்பின் பாதையில் நடக்கவைத்த படம். தமிழ் சினிமாவில் அது பெரிய காரியம். ஆனாலும் பிரதியின் கண் ஆண் சுமக்கும் மூட்டையோடுதான் போகிறது. ஈஸ்வரி அவனுக்குச் சற்றும் குறையாமல் உழைக்கிறாள். அவளுடைய களைப்பு அவன் கனவின் பின்னணியாகவே மிஞ்சுகிறது. நகைச்சுவைப் பக்கத்துக் கணவனும் எதார்த்தப் படத்துக் கணவனும் வேறு வேறு வர்க்கம். கதையைத் தன்வசம் வைத்திருப்பதில் மட்டும் இருவரும் பங்காளிகள்.

கதையைப் பெண்களே கையில் எடுத்த சம்பவமும் இந்த மலையில்தான் நடந்தது. டாப் ஸ்டேஷனுக்கு மேற்கே, மூணாறில், 2015 செப்டம்பரில் தேயிலை பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ஆண் தலைவர்களைத் தள்ளிவைத்துவிட்டு 'பெண்கள் ஒற்றுமை' என்று ரோட்டில் உட்கார்ந்தார்கள். சுற்றுலா ஊர் நின்றுபோனது. 20 விழுக்காடு போனஸை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். இலை பறிக்கிறவள் உட்கார்ந்தால் அடுத்தவர் உல்லாசமும் உட்கார்ந்துவிடும் என்று அந்த நாட்கள் காட்டின.

5

அப்படியானால் மேகமலைக்குப் போகாதே என்கிறேனா? இல்லை. துறவறப் போதனை இடதுசாரி வேடத்தில் வந்தாலும் போதனைதான். ஞாயிற்றுக்கிழமை வானத்திலிருந்து விழவில்லை. ஜோதிராவ் புலேயின் இயக்கத்திலிருந்து வந்த நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் பம்பாய் மில் தொழிலாளர்களைத் திரட்டத் தொடங்கி, 1890இல் வார விடுமுறையை வென்றெடுத்தார். நாம் அனுபவிக்கும் ஞாயிறு கூலிக்காரர்கள் சம்பாதித்துக் கொடுத்தது. அது கூலிக்காரர்களிடமே திரும்பிப் போய்ச் சேரவில்லை என்பதுதான் விஷயம்.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். தலைப்பிரசவத்துக்கு முந்தைய மாதங்களைத் தாராளமாக எழுதுங்கள், ஆனால் வயிறு யாருடையதோ அவளுக்கும் பேனாவைக் கொடுங்கள். அறை சுத்தம் செய்தவள், தேயிலை பறித்தவள், எதிரே வந்த ஜீப்பில் நெருக்கிக்கொண்டு நின்றவள் இவர்களைப் 'பசுமை'க்குள் கரைத்துவிடாதீர்கள். அவர்களில் ஒருத்தியும் மாசமாக இருந்திருக்கலாம்.

இயக்கத்தவர்களுக்கு இன்னொன்று. கூலி உயர்வும் ஜீப் பாதுகாப்பும் நமது கோரிக்கைப் பட்டியலில் இருக்கின்றன. ஓய்வு இல்லை. ஜீப்பில் ஏறும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒரு வேலைநாள் அட்டை. இரண்டு மாநிலமும் செல்லும் என்று ஏற்க வேண்டிய அட்டை. எந்தெந்தக் காட்டில் வேலை செய்திருந்தாலும் நாட்களைச் சேர்த்து 80 எண்ணும் ஏற்பாடு. எண்ணியபின் கூலியோடு விடுப்பு, அதற்கான பணம் தோட்டக்காரர்களிடமிருந்து. இதைக் கேட்டால் 'நடக்கிற காரியமா' என்பார்கள். ஞாயிறு கேட்டபோதும் மில் முதலாளிகள் லேசில் சம்மதித்துவிடவில்லை.

அந்த அட்டை கையில் இருக்கிற ஒருத்தி, ஏழாம் மாதத்தில், கூலிக் கவலை இல்லாமல் ஒருநாள் சுருளியில் கால் நனைத்துவிட்டு வரட்டும். அதையும் ஒரு பயணக் கதையாக அவளே எழுதட்டும். அதுவரை நமது பயணக் கதைகளில் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது.