நோஞ்சான் பயில்வான் ஆன கதை: ஒரு விளம்பரத்தின் அறிவியல்

சில கட்டங்களில் முடிந்துவிடும் ஒரு சித்திரக்கதை அது. கடற்கரையில் மெலிந்த இளைஞன் ஒருவன் தன் தோழியுடன் அமர்ந்திருக்கிறான். கட்டுமஸ்தான ஒருவன் அவர்கள் மேல் மணலை வாரியடித்துவிட்டுச் செல்கிறான். தட்டிக்கேட்ட இளைஞனின் எலும்பும் தோலுமான உடலைக் கண்டு ஏளனம் செய்கிறான். தோழியும் பரிகாசமாக ஒரு வார்த்தை சொல்கிறாள். வீடு திரும்பிய இளைஞன் ஆத்திரத்தில் நாற்காலியை உதைக்கிறான். ஓர் அஞ்சல்தலை போனால் போகட்டும் என்று இலவசப் புத்தகம் ஒன்றுக்கு எழுதிப் போடுகிறான். அடுத்த கட்டத்திலேயே கண்ணாடி முன் நிற்கிறான். மார்பு அகன்று, புயங்கள் திரண்டிருக்கின்றன. பிறகென்ன? மீண்டும் கடற்கரை, ஒரே குத்து, தோழியின் பாராட்டு!

சார்லஸ் அட்லஸ் என்ற பயில்வானின் அஞ்சல்வழித் தேகப்பயிற்சிக்கான விளம்பரம் இது. இவர் 1892இல் இத்தாலியில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறியவர். இயற்பெயர் ஆஞ்செலோ சிசிலியானோ. 1929இல் சார்லஸ் ரோமன் என்னும் விளம்பர வல்லுநருடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். 1972இல் அட்லஸ் மறைந்த பின்னும் அந்த விளம்பரம் மறையவில்லை. பல பத்தாண்டுகள் அமெரிக்கச் சித்திரக்கதைப் புத்தகங்களில் அது இடம்பெற்றது.

இப்போது ஏன் அதைப் பற்றிப் பேச வேண்டும்? அதன் வாரிசுகள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. "பயிற்சிக்கு முன்", "பயிற்சிக்குப் பின்" என்று அடுத்தடுத்து வைத்த இரண்டு புகைப்படங்கள், புரதப்பொடி டப்பாக்கள், கைப்பேசித் திரையில் வரும் முப்பது நாள் வாக்குறுதிகள் எல்லாம் அதே கதையைத்தான் சொல்லுகின்றன. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு ஏறவில்லையே என்று ஏங்கும் மாணவர்கள் இவற்றுக்காகச் செலவிடுவது கொஞ்சப் பணமல்ல. எனவே இந்த மூலக்கதையைச் சற்று நிதானமாக ஆராய்வது பயன் தரும்.

முதலில் ஒரு நியாயம்

எடைக்கருவி எதுவும் வேண்டாம் என்பது அட்லஸ் முறையின் சிறப்பு. ஒரு கையை மறுகையால் எதிர்த்து அழுத்துதல், ஒரு தசையின் இழுப்புக்கு மற்றொரு தசையையே தடையாக நிறுத்துதல் ஆகியவை இதன் அடிப்படை. தினம் பதினைந்து நிமிடம் போதும் என்றார் அவர்.

இயற்பியல் படிக்கும் மாணவன் உடனே ஓர் ஆட்சேபணை எழுப்புவான்: "வேலை என்பது விசையையும் இடப்பெயர்ச்சியையும் பெருக்கி வருவது. கைகள் நகரவே இல்லையென்றால் செய்த வேலை சுழி. சுழி வேலையால் தசை எப்படி வளரும்?" கேள்வி அழகானது, ஆனால் இங்கே பொருந்தாது. தண்ணீர் வாளியை அசையாமல் ஐந்து நிமிடம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வாளியின் மேல் நீங்கள் செய்த வேலை சுழிதான், தோள் வலிக்கிறதே! தசை இழைகளுக்குள் மயோசின் என்னும் புரதத்தின் நுண்ணிய தலைகள் ஆக்டின் என்னும் மற்றொரு புரத இழையைப் பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் பற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் வேதி ஆற்றல் செலவாகி வெப்பமாக வெளிப்படுகிறது. தசைக்கு வளரும் தூண்டுதலைத் தருவது முக்கியமாக அது தாங்கும் இழுவிசையே. 1953இல் ஜெர்மனியில் ஹெட்டிங்கரும் முல்லரும் வெளியிட்ட ஆய்வும், அசைவற்ற அழுத்தத்தால் தசை வலுப்பெறுவதைக் காட்டியது. ஆக, அட்லஸ் விற்றது வெறும் காற்றல்ல.

நியூட்டன் சொல்லும் குறை

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. வலக்கை இடக்கையை எவ்வளவு விசையுடன் தள்ளுகிறதோ, அதே அளவு விசையுடன் இடக்கையும் வலக்கையைத் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. எனவே எதிர்க்கும் கை எவ்வளவு தாங்குமோ, அதற்கு மேல் தள்ளும் கைக்குச் சுமை கிடைக்காது. தொடையையும் முதுகையும் பாருங்கள். உடலின் மிகப் பெரிய தசைகளில் சேர்ந்த இவற்றுக்கு ஈடுகொடுக்கும் எதிராளி நம் கைகளில் இல்லை. அட்லஸின் பாடங்களிலேயே இரு நாற்காலிகளுக்கு நடுவே எடுக்கும் தண்டாலும், உட்கார்ந்து எழும் பஸ்கியும் இடம்பெற்றதை இங்கே நினைவுகொள்ள வேண்டும்.

இன்னொரு குறை, அளக்க முடியாமை. இன்று அழுத்திய விசை போன மாதத்தைவிடக் கூடியதா, குறைந்ததா என்று உள்ளங்கை சொல்லாது. இரண்டாம் உலகப்போரின் போது காயமுற்ற படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலார்ம், 1945இல் வெளியிட்ட கட்டுரையில் பளுவைப் படிப்படியாகக் கூட்டும் முறையை விளக்கினார். இன்றைய தசைப் பயிற்சியின் முதுகெலும்பு அதுவே. தூக்கும் பளுவைக் கிலோகிராமில் எழுதிவைத்தால் முன்னேற்றம் தானே தெரியும். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. துணிப்பையில் நிறுத்து வைத்த செங்கற்களும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

இரண்டு கட்டங்களுக்கு நடுவே

விளம்பரத்தின் பெரிய பிழை எந்தப் படத்திலும் இல்லை. இரண்டு படங்களுக்கு நடுவே இருக்கிறது. நாற்காலியை உதைத்த கட்டத்துக்கும் கண்ணாடி முன் நிற்கும் கட்டத்துக்கும் இடையில் அந்த இளைஞனின் எடை பல கிலோ கூடியிருக்க வேண்டும். அந்த நிறை எங்கிருந்து வந்தது? பொருண்மை அழியா விதியைப் பள்ளியிலேயே படித்தோம். பயிற்சி தசைக்குக் கட்டளை தரும். கட்டுமானப் பொருளைத் தராது. கொத்தனாரை மட்டும் வரவழைத்து, செங்கல்லும் மணலும் இறக்காத வீடு எழும்புமா?

கணக்கைப் பார்ப்போம். தசையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நீர். ஐந்தில் ஒரு பங்கு புரதம். ஒரு கிலோ தசையில் சுமார் 200 கிராம் புரதம் உண்டு. புதிதாகப் பயிற்சி தொடங்குபவருக்கு மாதம் ஒரு கிலோ தசை கூடினால் அதுவே நல்ல வேகம். அப்படியானால் நாளொன்றுக்குத் தசையில் புதிதாகச் சேரும் புரதம் 7 கிராம் அளவே. உடல் தன் பழைய புரதத்தை நாள்தோறும் சிதைத்துப் புதுப்பிப்பதாலும், உண்பதெல்லாம் தசைக்குப் போய்ச் சேராததாலும், இதைவிட மிக அதிகமாக உண்ண வேண்டியிருக்கிறது. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஓர் அலசல், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதத்திற்கு மேல் உண்பதால் தசை வளர்ச்சியில் சராசரியாகக் கூடுதல் பயன் தெரியவில்லை என்று கண்டது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 80 கிராம். பருப்பு, முட்டை, மீன், பால், நிலக்கடலை, கொண்டைக்கடலை ஆகியவற்றைத் திட்டமிட்டு உண்டால் இதை எட்டிவிடலாம். பொடி டப்பா வசதிக்குரியது; அவசியமானதல்ல.

புரதம் மட்டும் போதாது. மொத்த ஆற்றலும் செலவைவிட மிகவேண்டும். 50 கிராம் நிலக்கடலையும் 250 மில்லிலிட்டர் பாலும் ஏறக்குறைய 450 கிலோகலோரி ஆற்றலையும் 20 கிராம் புரதத்தையும் தரும். வழக்கமான சாப்பாட்டோடு இதைத் தினமும் சேர்த்துக்கொள்வது, மெலிந்தவருக்கு நல்ல தொடக்கம்.

விலங்குக் காட்சிசாலையில் சிங்கம் உடலை முறுக்கிச் சோம்பல் முறிப்பதைக் கண்டபோதுதான் தமக்கு இந்த முறை தோன்றியது என்று அட்லஸ் சொல்லிவந்தார். சிங்கம் தின்னும் இறைச்சியையும், நாளின் பெரும்பகுதி அது உறங்குவதையும் விளம்பரம் கவனிக்கவில்லை போலும்! வேடிக்கை என்னவென்றால், அவர் விற்ற பாடங்களில் உணவு, உறக்கம் பற்றிய அறிவுரைகள் இருந்தன. சரக்கு ஓரளவு நேர்மையானது. அதை விற்ற கதைதான் பாதியை மறைத்தது. பாலும் உறக்கமும் பொறுமையும் சித்திரக்கதைக்குச் சுவை சேர்க்காது அல்லவா?

உடம்பு ஏறாத மர்மம்

"நான் நிறையத்தான் சாப்பிடுகிறேன்" என்று சிலர் சொல்வது பொய்யல்ல. 1990இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில் 12 இரட்டையர் சோடிகளுக்கு, 84 நாட்கள், வழக்கத்தைவிட 1000 கிலோகலோரி கூடுதலாக உணவளித்தார்கள். ஒருவருக்கு 4.3 கிலோதான் கூடியது, மற்றொருவருக்கு 13.3 கிலோ! ஒரே சோடியைச் சேர்ந்த இருவரும் ஏறத்தாழ ஒத்துப்போனார்கள். பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது தெளிவு.

மீதி ஆற்றல் எங்கே போயிற்று? 1999இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தந்தது. எட்டு வாரம் கூடுதலாக உண்ட 16 பேரில் சிலர், தம்மை அறியாமலே அதிகம் அசைந்தார்கள்: எழுவது, நடப்பது, காலை ஆட்டுவது. ஒருவர் இவ்வகையில் நாளொன்றுக்கு 692 கிலோகலோரி கூடுதலாகச் செலவிட்டார். இந்த ஆய்வுகள் தசைப் பயிற்சியைப் பற்றியவை அல்ல. ஆயினும் மெலிந்தவருக்கு இவற்றில் ஒரு சேதி உண்டு. ஆற்றல் அழியாமை விதிக்கு எவரும் விலக்கல்ல. செலவுக் கணக்குதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எனவே பக்கத்து வீட்டுக்காரரின் அளவு உங்களுக்குப் பொருந்தாது. வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் வெறும் வயிற்றில் நிறுத்து எழுதுங்கள். இரண்டு மூன்று வாரம் முள் நகரவில்லையென்றால், இன்னும் ஒரு கைப்பிடி கடலை!

ஓர் எச்சரிக்கையும் தேவை. காரணமின்றி எடை குறைதல், விடாத இருமல், மாலைக் காய்ச்சல், அடங்காத தாகம், படபடப்பு, கைநடுக்கம் ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். காசநோய், நீரிழிவு, தைராய்டுக் கோளாறு ஆகியவை தண்டாலால் தீருபவை அல்ல. விரைவில் எடை கூட்டும் என்று விற்கப்படும் பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு மருந்துகள் கலந்திருந்து பிடிபட்டதுண்டு. அவற்றால் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பும் நீருமே.

விளம்பரத்தின் கடைசிக் கட்டம் எனக்கு உடன்பாடானதல்ல. மெலிந்திருப்பது அவமானம், வலிமை என்பது பிறரைக் குத்துவதற்கு என்கிற பாடம் அதில் ஒளிந்திருக்கிறது. அவமானத்தால் உந்தப்பட்டவனுக்கு அவசரம் வரும். அவசரப்படுபவனை ஏமாற்றுவது எளிது. வளரும் பருவத்தில் எடை தானாகவும் கூடும். அந்தப் பெருமையையும் டப்பாவே தட்டிக்கொண்டு போகிறது.

அடுத்த முறை "முன்–பின்" படங்களைக் காணும்போது இடைவெளியைப் பாருங்கள். எத்தனை மாதம்? என்ன உணவு? அப்போது அவருக்கு வயது என்ன? பலன் காணாதவர்களின் படங்கள் எங்கே? இவற்றுக்கு விடை சொல்லாத விளம்பரத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.