சாலியும் சார்பும்

மணிமேகலையின் 30ஆம் காதையில் அறவண அடிகள் பேதைமை முதல் வினைப்பயன் ஈறாகப் பன்னிரு சார்புகளை விரித்துரைக்கின்றார். இது கதையொடு ஒட்டாத வறண்ட சமயவுரை என்பாருளர். 29ஆம் காதையின் அளவைவாதத்திற்கு அக்குறை பொருந்துவதே. 30ஆம் காதைக்குப் பொருந்தாதென்பது எம் கருத்து. 13ஆம் காதையை நோக்குக.

வாரணாசி மறையாசான் அபஞ்சிகன் மனைவி சாலி. கற்புநெறி பிறழ்ந்த அவள் அவ்வினை நீங்கக் குமரியாட வருகின்றாள். பிழை சார்வாக அச்சம் தோன்றிற்று. அச்சம் சார்வாக, கொற்கைக்கு அப்பால் ஈன்ற மகவை இரக்கமின்றித் தோட்டத்தில் இட்டு நீங்கினாள். போக்கவந்த வினையினும் வழியிற் செய்த வினை பெரிதாயிற்று! குமரித்தெய்வத்தின் அடிதொழுத பின்னரும் தனக்கு உய்கதி உண்டோவென்று அழுகின்றாள். சாத்தனார் ஈண்டுத் தீர்த்தமாடலைப் பழித்துரைக்கவில்லை. அவ்வழுகையைக் காட்டி அமைகின்றார். குமரித்துறையை நன்கறிந்த நாஞ்சில் நாட்டார்க்கு இவ்விடம் தனியே உறைக்கும்.

ஆயின் சார்பு என்பது மாற்றவொண்ணா ஊழன்று. கைவிடப்பட்ட மகவுக்கு ஆவொன்று ஏழுநாள் பாலூட்டிற்று. அம்மகவே ஆபுத்திரனாய் வளர்ந்து, அமுதசுரபி பெற்றுப் பலர் பசி தீர்த்தது. பேதைமை அற ஏனையவும் முறையே அறும் என்னும் மீட்சிக்கு இது நேரான எடுத்துக்காட்டன்று. எனினும், 30ஆம் காதைக்கு வருமுன்னரே கற்பார் நெஞ்சை அதற்குப் பக்குவப்படுத்துவது இக்கதையே.