வெட்டாமல் உள்ளே போக முடியாது

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கிறவர்கள் முதலில் பரமபதம்தான் விரிப்பார்கள். பத்து மணிக்குள் அது சலித்துவிடும். யாராவது சாக்பீஸை எடுத்து வளவுத் தரையில் தாயக்கட்டம் போடுவார்கள். அதற்கப்புறம் ஒருவருக்கும் தூக்கம் வராது. பரமபதத்தில் ஒரே காய், ஒரே பாதை. பாம்பு எப்போது கடிக்கும், ஏணி எப்போது ஏற்றிவிடும் என்பதில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தாயத்தில் ஆளுக்கு ஆறு காய். எதை நடத்துவது, எதை மூலையில் காக்க வைப்பது, யாரோடு எப்போது மோதுவது என்பதெல்லாம் ஆடுகிறவர் பாடு.

இந்த வித்தியாசத்தின் அருமை எனக்குச் சரியாக உறைத்தது, அக்கா மகன் கணினியில் ‘எல்டன் ரிங்’ ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி 2022-ல் வெளிவந்த ஆட்டம் அது. இயக்கியவர் ஹிடேடகா மியாசாகி. ஆட்டம் தொடங்கி வெளிச்சத்துக்கு வந்த சில நிமிடங்களில் தங்கக் கவசம் போட்ட ஒரு குதிரை வீரன் வழியில் உலாத்துகிறான். புது ஆள் அவனிடம் போனால் இரண்டே அடியில் காலி. ஆனால் போகத்தான் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு போகலாம், வேறு திசையில் நாலு சண்டை போட்டுத் தேறிவிட்டுத் திரும்பி வரலாம். அவன் அதே இடத்தில் அதே பலத்தோடுதான் இருப்பான். மாறியிருப்பது நாம்தான், அது அந்தச் சண்டையிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறானது 2006-ல் வந்த ‘ஒப்ளிவியன்’. அதில் நாம் ஒரு படி ஏறினால் ஊரில் பெரும்பாலான எதிரிகளும் நம்மோடு ஏறிவிடுவார்கள். கடைசியில் வழிப்பறிக்காரன்கூட ராஜாக்கள் போடும் விலையில் கவசம் போட்டுக்கொண்டு வந்து நம்மிடம் சில்லறை கேட்பான். எங்கே போனாலும் கஷ்டம் ஒரே அளவு என்றால், எங்கே போவது என்ற தேர்வுக்கே மரியாதை போய்விடுகிறது. அழகான ஆட்டம்தான், நானும் ரசித்தேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் அப்பத்தாவின் தாயக்கட்டத்துக்கு அது உறை போடக் காணாது.

தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம் வெறுமை, மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. பகடை எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல, இங்குள்ள கீழடியிலேயே தந்தப் பகடை கிடைத்திருக்கிறது. ஆனால் லூடோ மாதிரி ஒற்றைப் பகடை உருட்டினால் ஆறு எண்ணுக்கும் சம வாய்ப்பு. தாயக்கட்டை அப்படிச் சமமாகப் பங்கு வைப்பதில்லை. விழக்கூடிய 16 விதங்களில் மூன்று விழ 4 வழி, இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, தாயம் எனப்படும் ஒன்றுக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்றுதான்.

இதை ஐந்துக்கு ஐந்து கட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வெளிச்சுற்றில் 16 கட்டம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் பெருக்கல் குறி போட்ட மலை. மலையில் நிற்கும் காயை வெட்ட முடியாது. ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் நாலு கட்டம். அடிக்கடி விழும் எண்ணோ மூன்று. ஆக, மலையை விட்டு இறங்கிய காய் மற்ற இடங்களைவிட அதிகமாக அடுத்த மலைக்கு ஒரு கட்டம் முன்னால் போய் மாட்டிக்கொள்ளும். பழைய மலையில் எதிராளி காய் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் நாம் சரியாக மூன்று கட்டம் தள்ளித்தான் நிற்கிறோம். நாம் அதிகம் போய் விழும் இடமும், அதிகம் வெட்டுப்படும் இடமும் ஒன்றே. யார் வகுத்த கணக்கோ, கைகூப்பத் தோன்றுகிறது. இந்த நிலையில் அப்பத்தா அந்தக் காயைத் தொடவே மாட்டார். “மூணா? அது மலையிலேயே கெடக்கட்டும்” என்று பின்னால் கிடக்கும் இன்னொரு புளியங்கொட்டைக் காயை மூன்று நகர்த்துவார். ஆறு காய் இருப்பதன் பொருள் இதுதான்: ஒரு வழியில் ஆபத்து என்றால் இன்னொரு காயை வளர்க்கலாம்.

வெட்டுப்பட்ட காய் மறுபடி வெளியே போய், தாயம் விழுந்தால்தான் இறங்கும். முதல் மூலையில் வெட்டுப்பட்டால் சிரிப்பு. சுற்று முடியப் போகிற காய் வெட்டுப்பட்டால் வீடே அதிரும். விதியில் இரண்டுக்கும் ஒரே தண்டனை, இழக்கும் நடைதான் வேறு. காய் வளர வளர ஆபத்தும் தானாகவே கனக்கிறது, யாரும் கூட்டிக் குறைக்கத் தேவையில்லாமல்.

அடுத்த விதிதான் ஆட்டத்தின் உயிர்: எதிராளி காய் ஒன்றையாவது வெட்டாமல் உள்சுற்றுக்குள் போக முடியாது. 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய லூடோவில் இந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் யாரையும் தொடாமல், ஒண்டி ஒதுங்கி ஜெயித்துவிடலாம். தாயத்தில் ஒரு மோதலாவது கட்டாயம். யாரை, எந்தக் காயால், எந்தச் சுற்றில் என்பது மட்டும் நம் இஷ்டம். வெட்டக் கிடைக்காமல் காய்களெல்லாம் வெளிச்சுற்றில் திரும்பத் திரும்பச் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக வாசல் இளகுவதில்லை. கடல் தாண்டிய வட்டிக்கடைகளுக்குப் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாவதற்குள் தலை நரைத்துப்போன மனிதர்களின் ஊர் எங்களுடையது. வாசலில் காத்து நிற்பது இங்கே யாருக்கும் விசித்திரமாகப் படாது.

குறை இல்லாமல் இல்லை. முதல் தாயம் விழும்வரை செய்ய ஒன்றுமில்லை. எட்டில் ஒரு வாய்ப்பு. மற்றவர்கள் வெட்டிக்கொண்டிருக்க ஒருவர் மட்டும் கட்டையைத் தேய்த்துத் தேய்த்து உருட்டிக்கொண்டிருப்பார். முதல் தாயத்துக்குப் பிறகு ஐந்து விழுந்தாலும் காயை இறக்கலாம் என்று சில வீடுகளில் தளர்த்தி வைத்திருப்பது நல்ல காரியம்.

ஆனால் கடைசி வாசலைத் தளர்த்துகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. நடுக்கட்டத்துக்கு ஒரு கட்டம் முன்னால் வந்து நிற்கும் காய் நடுவில் ஏறிப் பழமாக மறுபடி தாயமே விழ வேண்டும். வாய்ப்பு அதே எட்டில் ஒன்று. ஆட்டத்தின் தொடக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். இப்போது காத்திருக்கும்போதே வெளியே நம் மற்ற காய்கள் நடமாடுகின்றன, விழும் இரண்டையும் நான்கையும் வைத்து எதிராளியை மறிக்கலாம், துரத்தலாம். கடைசிக் காயாக அது ஒன்றே மிஞ்சியவருக்குத்தான் திண்டாட்டம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒரு காயை வேண்டுமென்றே பின்தங்க வைப்பார்கள். நேரமாகிறது என்று இந்த விதியை எடுத்துவிட்டு, எந்த எண் விழுந்தாலும் பழம் என்று ஆடுகிற வீடுகளில் அந்தப் பின்தங்கிய காய்க்கு வேலையே இல்லை. எல்லாரும் முன்னால் ஓடுகிற காயையே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.