அளவுகோலாக நின்ற அதிகாரி

சிறைக்குள் கேமராவின் வழக்கமான வேலை கைதியின் அடையாளத்தைக் குறித்து வைப்பது. பாரிஸ் காவல்துறையில் அல்போன்ஸ் பெர்த்தியோன் 1880-களில் வகுத்த முறைப்படி, நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். கூடவே தலையின் நீளம், நடுவிரலின் நீளம், காதின் அளவு. அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கச் சிறைகளிலும் இந்த முறை வேரூன்றியது. அங்கே படம் என்பது உடம்பின் கணக்கு.

நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறையில் 1915 வாக்கில் பெயின் செய்தி நிறுவனம் எடுத்த படங்களின் சுவை, இந்தக் கணக்கு தலைகீழாவதில் இருக்கிறது. ஒரு படத்தில் மூவர். வார்டன் தாமஸ் மாட் ஆஸ்பர்னுக்கு மட்டுமே குறிப்பில் பெயர் உண்டு. மற்றவர்கள் வெறும் 'வேறு இருவர்'. பத்திரிகைக்கு வேண்டியது அந்தப் பிரபலமான முகம். ஆனால், நான் முகத்தை விட்டுவிட்டு ஆளின் உயரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அந்த உயரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சிறையறையின் அளவைப் படித்தால் கட்டடம் புரியத் தொடங்கும்: நீளம் 7 அடி, அகலம் 3 அடி 3 அங்குலம், உயரம் 6 அடி 7 அங்குலம். நடுத்தர உயரமுள்ள ஒருவர் உள்ளே நின்று இரு கைகளையும் பக்கவாட்டில் முழுதாக விரிக்க முடியாது. 1825-இல் கைதிகளைக் கொண்டே கல் வெட்டிக் கட்டத் தொடங்கிய அறைகள் ஆஸ்பர்ன் காலத்திலும் புழக்கத்தில் இருந்தன.

இத்தகைய அறையின் நெருக்கம் ஆஸ்பர்னுக்குக் கேள்விஞானம் அல்ல. வசதியான குடும்பம், ஆபர்ன் நகர மேயராக இருந்தவர். 1913-இல் 'டாம் பிரவுன்' என்ற பெயரில், 33,333எக்ஸ் என்ற எண்ணோடு, ஆபர்ன் சிறையில் ஒரு வாரம் கைதியாக இருந்து பார்த்தார். கைதிகளே தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் பரஸ்பர நலச் சங்கம் அங்கே பிறந்தது. 1914 டிசம்பரில் சிங் சிங்குக்கு வார்டனாக வந்தபோது அதையும் கொண்டுவந்தார். எதிரிகள் சும்மா இருக்கவில்லை. குற்றச்சாட்டு, வழக்கு, வழக்கிலிருந்து விடுதலை, மீண்டும் பதவி; கடைசியில் 1916-இலேயே ராஜினாமா.

பெயின் நிறுவனத்தின் கண்ணாடித் தகடுகள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. அலுவலகத்தார் தகட்டின் மேலேயே கையால் எழுதிய குறிப்பு, படத்தின் ஓரத்தில் கோணல்மாணலாகத் தெரியும். அழகுக்காக அதை வெட்டி அச்சிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பொறுக்காது. யாருக்குப் பெயர் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு அந்த அவசரக் கையெழுத்துதானே சாட்சி?

கலைப்படமாக எடுத்துக்கொண்டால் இவற்றில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஒளியமைப்பில் நாடகம் இல்லை; அடுத்த பதிப்புக்காக ஓடிய செய்திக்காரரின் வேலை. அந்த எளிமையே இவற்றின் பலம். சீர்திருத்தம் பலித்ததா இல்லையா என்று இந்தப் படங்களிடம் கேட்கக் கூடாது. ஒரு கட்டடத்துக்குள் மனிதன் எவ்வளவு இடம் பெற்றான் என்று கேட்கலாம். கைதியை அளந்தே பழகிய கருவி, ஒருமுறையேனும் சிறையை அளந்து காட்டியிருக்கிறது.