காட்டினால் குற்றம், ஒளித்தால் வியாபாரம்

2010-ல் டிவியில் வந்த ரின் விளம்பரம் சிலருக்கு நினைவிருக்கலாம். போட்டியாளரான டைட் நேச்சுரல்ஸ் பாக்கெட்டை அப்படியே திரையில் காட்டி, அதைவிட ரின்தான் வெளுப்பு என்றது. டைட் தயாரிக்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது.

இதற்கான அளவுகோலை அதே நீதிமன்றம் 1999-லேயே உஜாலா - ராபின் நீலம் வழக்கில் போட்டுவிட்டது. என் சரக்குதான் உசத்தி என்று சொல்லிக்கொள்ளலாம். உன்னுடையதைவிட உசத்தி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் உன் சரக்கு மட்டம் என்று சொல்லக்கூடாது. 1999-ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம், பிரிவு 29(8)-ம் கிட்டத்தட்ட இதே பாதைதான். அடுத்தவர் டிரேட்மார்க்கை விளம்பரத்தில் எடுத்து நேர்மையற்ற ஆதாயம் தேடினாலோ, அதன் தனித்தன்மையையோ நற்பெயரையோ கெடுத்தாலோ அது மீறல்.

இது எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற விளம்பரங்களுக்கு. கண்ணுக்குத் தெரியாத விதமாக அடுத்தவர் பெயரைப் பயன்படுத்தினால்?

கூகுளில் ஒரு நிறுவனத்தின் பெயரைத் தட்டுகிறோம். முதலில் வருவது அதன் போட்டியாளரின் விளம்பரம். விளம்பர வரிகளில் நாம் தேடிய பெயர் எங்கேயும் இருக்காது. ஆனால் போட்டியாளர் அந்தப் பெயரைத்தான் 'கீவேர்ட்' ஆகக் கொடுத்துப் பணம் கட்டத் தயார் என்று சொல்லியிருக்கிறார். நாம் தட்டுகிற கணத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. கேட்ட தொகை, விளம்பரத்தின் தரம் இரண்டையும் வைத்து வரிசை முடிவாகிறது. நாம் கிளிக் செய்தால் கூகுளுக்குக் காசு. புரோகிராமர் பாஷையில் சொன்னால், அடுத்தவர் பெயர் நிரலின் நிபந்தனையில் இருக்கிறது, வெளியீட்டில் இல்லை. பயனருக்குத் தெரிவது வெளியீடு மட்டும்தான்.

இந்த விஷயம் சென்னைக்கும் வந்தது. பாரத்மேட்ரிமோனி நடத்தும் நிறுவனம் கூகுள் மீதும் போட்டித் தளங்கள் மீதும் தொடுத்த வழக்கில் 2010-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தப் பெயர்கள் பொதுச்சொற்களின் சேர்க்கை என்பது அந்த நிறுவனத்துக்கு எதிராகப் போனது.

2023 ஆகஸ்டில், அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பெயர் தொடர்பான வழக்கில், டெல்லி உயர்நீதிமன்ற அமர்வு ஒரு முக்கியமான அடி எடுத்து வைத்தது. கீவேர்டாக வைப்பதும் விளம்பரத்தில் 'பயன்படுத்துவது'தான். கூகுள் இதில் சும்மா வேடிக்கை பார்ப்பவர் அல்ல, பங்கேற்பவர். ஆகவே மீறல் என்று ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவுக்குப் பின்னால் ஒளிய முடியாது. இதுவரை சபாஷ். ஆனால் கீவேர்டாக வைத்ததாலேயே மீறல் ஆகிவிடாது, பயனர் குழம்பினாரா என்று பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

அந்த 'குழப்பம்' எங்கே கொண்டுபோய் விட்டது என்பது அதே ஆண்டு டிசம்பரில் தெரிந்தது. மேக்மைட்ரிப் பெயரை புக்கிங்.காம் கீவேர்டாக வைத்த வழக்கு. புக்கிங்.காம் எல்லோருக்கும் தெரிந்த தளம், அதனால் யாரும் குழம்ப வாய்ப்பில்லை என்ற பார்வையில் தடை விலக்கப்பட்டது. யோசித்துப் பாருங்கள். இந்தத் தர்க்கப்படி, அடுத்தவர் பெயரை எடுப்பவர் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு பாதுகாப்பு! பேர் தெரியாத சின்னக் கம்பெனி இதையே செய்தால் மாட்டிக்கொள்ளும்.

போட்டி நல்லதுதானே, தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே பக்கத்துக் கடைக்காரர் தன் இடத்துக்கு வாடகை கொடுக்கிறார். கூகுளில் நடப்பதற்குச் சரியான உவமை ஆட்டோதான். ஒரு கடையின் பேரைச் சொல்லி ஏறுகிறோம். போகிற வழியில் டிரைவர் வேறொரு கடை வாசலில் நிறுத்துகிறார். வாசலில் போர்டு இருக்கிறது, நமக்குக் குழப்பமே இல்லை. அவருக்கு அந்தக் கடையில் கமிஷன் உண்டு என்பது மட்டும் நமக்குத் தெரியாது. நாம் பேர் சொன்ன கடைக்காரர், இனிமேல் வண்டியை நேராகக் கொண்டுவரச் சொல்லி அதே டிரைவருக்குக் காசு கொடுக்க வேண்டியதுதான். சொந்தப் பெயருக்கே ஏலம் கேட்கும் நிலை இது. பெரிய நிறுவனம் தாங்கும், சின்னது தாங்காது. இந்த நஷ்டத்தை 'குழப்பம்' என்ற அளவுகோலால் அளக்கவே முடியாது.

தடை செய்யச் சொல்லவில்லை. தடை போட்டால் பழைய பெரிய பெயர்கள்தான் இன்னும் கொழுக்கும். நான் கேட்பது ஒரே ஒரு வரி: நீங்கள் தேடிய பெயருக்காகப் பணம் கட்டி இந்த விளம்பரம் வந்திருக்கிறது, இவர் அந்த நிறுவனம் அல்ல. தொழில்நுட்பத்தில் இது பெரிய வேலையே இல்லை. எந்த கீவேர்டுக்கு எத்தனை கிளிக் வந்தது என்று விளம்பரதாரருக்கு ஏற்கெனவே கணக்குக் கொடுக்கிறார்கள். அந்தத் தகவலில் ஒரு துளி நமக்கும் காட்டினால் போதும்.

ரின் விளம்பரத்தில் தப்பு இருந்ததா இல்லையா என்று நாமே பார்த்து வாதிட முடிந்தது, பாக்கெட் கண்முன்னே இருந்ததால். கீவேர்ட் விளம்பரத்தில் அந்த வாய்ப்பே நமக்கு இல்லை. நேர்மையா என்று கேட்பதற்கு முன்னால், முதலில் அது தெரிய வேண்டும்.