கோணல் ஹோலும் மருதமுனைப் பாவும்

அட்டாளைச்சேனையில் நான் நின்று ரசித்த வீடுகளில் முன் ஹோல் சதுரமாக அமைந்தவை மிகக் குறைவு. ஒன்று நீண்டு ஒடுங்கியிருக்கும், அல்லது பாதி வழியில் குசினிப் பக்கம் திரும்பும். நடுவில் ஒரு தூண் நிற்கும். காரணம் கட்டிய மேசனின் கையில் இல்லை, எங்கள் கலியாண முறையில் இருக்கிறது. இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்குத் தாங்கள் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். இளையவளின் முறை வரும்போது அதுவும் கைமாறும். அக்கரைப்பற்றில் 1969 முதல் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தத் தாய்வழி முறையை விரிவாக எழுதியிருக்கிறார். வளவைப் பிரிக்கும்போது ஒவ்வொரு மகளின் பங்குக்கும் வீதி முகப்பு வேண்டும். ஆகவே நிலம் நாடா நாடாகப் பிரியும், வீடும் அதற்குள்ளேயே நீளும். குடும்பம் பெருகும்போது விறாந்தையை அடைத்துச் சுவர் எழுப்புவார்கள். விறாந்தைத் தூண் வீட்டுக்குள் வந்துவிடும்.

சாச்சியின் ஹோல் அப்படிப்பட்டது. நீளம் 22 அடி, அகலம் 9 அடி. கோடியில் வலப்பக்கம் திரும்பி இன்னொரு 10 அடி ஓடுகிறது. பழைய விறாந்தை முடிந்த இடத்தில் தரை மூன்று அங்குலம் ஏறுகிறது. தூணும் அங்கேதான் நிற்கிறது. ஐந்து கதவுகள் இந்த ஒரே ஹோலில் திறக்கின்றன. இதற்குள் மூன்று பேர் இருக்கும் பெரிய சோபாவும் அதற்குச் சோடியான தனிச் சோபாக்களுமாக ஒரு முழு செற்றை இறக்கினால் என்ன ஆகும்? சோபாவின் ஆழம் ஏறக்குறைய மூன்றடி. இரு சுவரிலும் ஒட்டி வைத்தால் நடுவில் மிஞ்சுவது மூன்றடி. எதிரெதிரே இருப்பவர்களின் முழங்கால்களுக்கு நடுவே தேத்தண்ணித் தட்டோடு ஒருவர் நடக்க வேண்டும்.

கோணல் ஹோலில் தளபாடத்துக்கு முன்னால் நடைவழியைத் தீர்மானிக்க வேண்டும் என்பதே என் துணிபு. எந்தக் கதவிலிருந்து எந்தக் கதவுக்குப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், உம்மா குசினியிலிருந்து எப்படி வருகிறார் என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தால் போதும். சாச்சி வீட்டில் அந்த வழி இடப்பக்கச் சுவரை ஒட்டியே போனது. அந்தப் பக்கத்தை முற்றாக வெறுமையாக விட்டோம். வலப்பக்கத்தில் பிரம்பு பின்னிய கதிரைகள் நான்கு. ஒவ்வொன்றின் ஆழமும் இரண்டடிதான். பிரம்பு இருக்கை காற்றை ஊடே விடும், தூக்க ஒரு கை போதும்.

தூணை மறைக்க நினைப்பது தவறு. அதனருகே வாப்பும்மாவின் சாய்மனைக் கதிரையைப் போட்டதும் தூண் அவருடையதாகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் ஒரு பிடிமானம், கைக்கெட்டும் தூரத்தில் வெற்றிலைத் தட்டம், வீதியும் குசினியும் இருந்த இடத்திலிருந்தே கண்ணில் படும். ஹோல் திரும்பும் மூலையில் முதுகில்லாத ஒரு முதிரை வாங்கு. முதுகு இல்லாததால் இரு பக்கமும் பார்த்து இருக்கலாம்: இந்தப் பக்கம் இருந்தால் முன் ஹோலின் ஆள், அந்தப் பக்கம் திரும்பினால் உள்ளே இருக்கும் பெண்களின் பேச்சில் ஓர் ஆள். கோணல் ஹோலுக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் எனக்குத் தெரியாது.

நீளத்தோடு மல்லுக்கட்டக் கூடாது என்பதைக் கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீட்டில் கற்கலாம். 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறிய வீடுகளில் ஒன்றில் 1950களின் இறுதியில் அவர் குடிபுகுந்தார். பத்தாண்டுகளில் நான்கையும் ஒன்றாக்கினார். அதனால் கிடைத்த நீண்ட நடையை அவர் எங்கும் மறிக்கவில்லை. தரையையும் சுவரையும் வெள்ளையாக விட்டு, இடையிடையே வானம் பார்த்த சிறு முற்றங்களால் வெளிச்சத்தை இறக்கி, பார்வை போய் முடிகிற இடத்தில் ஏதாவது ஒன்றை நிறுத்தினார். அந்த வீட்டில் செட்டிநாட்டு மரத்தூண்களும் உண்டு. எங்கோ ஒரு வீட்டில் கூரையைத் தாங்கிய தூண் இன்னொரு வீட்டில் வந்து நிற்பதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. நாமும் 22 அடியின் முடிவில் ஒன்றே ஒன்றை வைக்கலாம்: ஓர் அலுமாரி, அல்லது ஆழ்ந்த நிறத்தில் ஒரு சீலை. ஆழ்ந்த நிறம் தூரத்துச் சுவரைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவரும்.

ஆனால் பாவாவின் வீட்டுக்கு இல்லாத ஒரு கடமை எங்கள் ஹோலுக்கு உண்டு. அது அடிக்கடி வெறுமையாக வேண்டும். கத்தம் ஓதும் நாளிலும் கலியாணத்திலும் கதிரைகள் முற்றத்துக்குப் போகும், பன்பாய்கள் விரியும், சேர்ந்து உண்ணும் சஹனைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். வீட்டில் ஒரு மவுத்து நடந்தால் ஊரே அந்தத் தரையில்தான் இருக்கும். ஆகவே இரண்டு பேரால் தூக்க முடியாத எந்தச் சாமானும் இந்த ஹோலுக்கு ஆகாது. எங்கள் வீடுகளில் தரைதான் முதல் ஆசனம், மற்றவை விருந்தினருக்காக அதன்மேல் வைத்தவை.

பாய் விரிந்ததும் இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். எங்கள் சுவர்கள் பெரும்பாலும் வீதியையும் கடலையும் பார்த்து எழுந்தவை. தொழும் திசையான கிப்லாவோ இங்கிருந்து மேற்குக்குச் சற்று வடக்கே. ஆகவே வீட்டில் தொழுகைக்கு விரிக்கும் பாய் சுவரோடு ஒத்துப்போகாமல் சரிந்து கிடக்கும். பன்புல்லை வெட்டி, காயவைத்து, சாயத்தில் அவித்து எங்கள் பெண்கள் இழைத்த பாயின் சிவப்பும் ஊதாவும் சரிந்து ஓடும்போது, ஒரே திசையில் இழுபட்டுக் கிடந்த ஹோல் திடீரென அகன்றுவிடும். ஒடுங்கிய அறைக்குச் சரிவான கோடு நல்லது என்று உள்ளக அலங்காரக்காரர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது தொழுகையோடு வந்த கொடை. தொழுத பிறகு பாயைச் சுருட்ட வேண்டியதுதான். ஆனால் எப்போதும் தரையில் விரித்து வைக்கும் சிறிய பாயையும் அதே சரிவில் போட்டுப் பாருங்கள்.

இனிச் சீலை. ஐந்து கதவுள்ள ஹோலில் கதவுச்சீலைதான் சுவரின் வேலையைச் செய்கிறது. ஆண் விருந்தினர் வந்தால் விழும், போனால் ஒதுங்கும். அதை இரு பக்கத்திலிருந்தும் பார்ப்பார்கள். அச்சடித்த துணிக்கு ஒரு முகம்தான், மறுபக்கம் வெளிறிக் கிடக்கும். நூலிலேயே சாயமேற்றி நெய்த கைத்தறிக்கு இரண்டும் முகம். கல்முனையைத் தாண்டினால் மருதமுனை. தலைமுறைகளாகத் தறி ஓடும் ஊர். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி அழித்த பிறகும் அங்கே தறிச் சத்தம் திரும்பிவந்தது. சாறன் நெய்யும் தறியில் துணியின் அகலம்தான் சாறனின் உயரம், ஏறக்குறைய நாலடி. மூன்றடிக் கதவுக்கு அது அப்படியே பொருந்தும். இரு ஓரமும் தறியிலேயே முடிந்த கரை, தைக்க வேண்டியதில்லை. மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, அவ்வளவுதான்.

துணியை மேசையில் வைத்துத் தெரிவு செய்யாதீர்கள், யன்னலுக்கு எதிரே பிடியுங்கள். கையால் அடித்த துணியில் ஊடை, அதாவது குறுக்கு நூல், எல்லா இடத்திலும் ஒரே இறுக்கத்தில் விழாது. வெளிச்சம் அந்த நெருக்கத்திலும் தளர்விலும் புகுந்து வருவதைப் பார்க்க அவ்வளவு அழகு. கதவுக்கும் யன்னலுக்கும் அந்தத் தளர்வு நல்லது. கதிரைக் குஷனுக்கு வேண்டியது இரட்டை நூலில் நெருக்கி நெய்தது. இரண்டு பெருவிரலாலும் குறுக்கே இழுத்துப் பாருங்கள், இழை விலகிக் கண் தெரிந்தால் இருக்கைக்கு உதவாது. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட வேண்டும்; பருத்தி சுருங்கும்.

வெல்வெட் போன்ற தடித்த துணிகள் எங்கள் கரைக்கு ஒவ்வாதவை. மே தொடங்கி ஆகஸ்ட் வரை கச்சான் காற்று சூடும் புழுதியுமாக அடிக்கும், பிறகு மாரி. ஒன்றில் தூசி பிடிக்கும், மற்றதில் ஈரம் வாங்கும். ஏற்கனவே வாங்கியவர்கள் கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை போடலாம். சாறன் கட்டம் இதற்கு அருமையாக இருக்கும்.

நிறத்தில் துணிவு வேண்டும். 1964இல் பேர்ஃபுட் கைத்தறி நிறுவனத்தைத் தொடங்கிய பார்பரா சன்சோனி, இந்த வெயிலுக்கு மங்கல் நிறம் தோற்றுப்போகும் என்பதைத் தறியில் நிரூபித்துக் காட்டியவர். சிவப்புக்குப் பக்கத்தில் செம்மஞ்சள், நீலத்துக்குப் பக்கத்தில் பச்சை. ஹோல் திரும்பும் இருண்ட பகுதிக்கு மஞ்சளையும், காலை வெயில் நேரே விழும் கடல் பக்க யன்னலுக்குக் கருநீலத்தையும் நான் தெரிவு செய்வேன். யன்னல் சீலைக்குப் பின்னால் வெள்ளைத் துணி ஒன்று வைத்துத் தைத்தால் நிறம் சீக்கிரம் வெளிறாது.

சொல்லி நெய்விக்கும்போது ஒரு சிக்கல் வரும். ஒரு பாவை, அதாவது நெடுக்கு நூல்களை, தறியில் ஏற்றுவது பெரிய வேலை என்பதால் நெசவாளர் நாலு கதவுச் சீலைக்காக அதைச் செய்ய மாட்டார். நீளமான பாவு முழுவதையும் எடுக்கச் சொல்வார். சாச்சியின் மகள்மார் மூவரும் சேர்ந்து ஒரே பாவுக்குச் சொன்னார்கள். நெடுக ஓடும் கருநீலமும் வெள்ளையும் மூவருக்கும் பொது. ஊடையை மட்டும் மாற்றச் சொன்னார்கள். மூத்த ராத்தாவுக்குச் செம்மஞ்சள், நடுவிலுள்ளவளுக்குப் பச்சை, இளையவளுக்கு அதே நீலத்தில் இன்னும் கடுமை. ஒரு வளவில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று வீடுகளின் முன்கதவையும் திறந்து வைத்தால் அந்தச் சீலைகள் ஒன்றுபோல் இல்லை, ஆனால் ஒரே தறியில் பிறந்தவை என்று வீதியில் போகிறவருக்கே தெரிகிறது.